பட்டம் போனது, தீவு கிடைத்தது

தெற்கு ஜெர்மனியில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி, கான்ஸ்டன்ஸ் என்று ஒரு பெரிய ஏரி. அதில் 45 ஹெக்டேர் அளவில் ஒரு குட்டித் தீவு. பெயர் மைனாவ். நம் ஊர் மைனாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கரையிலிருந்து பாலம் வழியாக நடந்தே போய்விடலாம். டிக்கெட் வாங்க வேண்டும். வசந்தத்தில் ட்யூலிப், கோடையில் ரோஜா, இலையுதிர் காலத்தில் டாலியா என்று வருஷம் முழுக்கப் பூ. ஐரோப்பியக் குளிரில் வளரவே வளராத பனை வகைகளும் எலுமிச்சையும்கூட அங்கே உண்டு. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இந்தத் தீவுக்கு முதன்முதலில் டிக்கெட் போட்டு ஊர் மக்களை உள்ளே விட்டவர் ஒரு ராஜாவின் பேரன். ஒருகாலத்தில் ஸ்வீடன் நாட்டு இளவரசர். பெயர் லென்னார்ட் பெர்னடோட். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதால் பட்டத்தை இழந்தவர்.

காதலுக்காக முடி துறந்தவர் என்றதும் இங்கிலாந்தின் எட்டாம் எட்வர்ட்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அவர் முடி துறந்தது 1936-ல். அதற்கு நாலு வருஷம் முன்னாடியே, 1932 மார்ச் மாதம், அதே லண்டனில் சத்தமில்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு இளவரசுப் பட்டத்தைக் கழற்றி வைத்தவர் லென்னார்ட். அவருக்கு அப்போது 22 வயது. எட்வர்டைப் பற்றி எத்தனையோ புத்தகம், எத்தனையோ சினிமா. இவரைப் பற்றி ஸ்வீடனுக்கும் ஜெர்மனிக்கும் வெளியே பேசுபவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், இரண்டு பேரில் சொல்லும்படியான வாழ்க்கை இவருடையதுதான்.

முதலில் அந்தச் சட்டத்தைப் பார்த்துவிடலாம். ஸ்வீடனின் 1810-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் அப்போது ஒரு விதி இருந்தது. ராஜ வம்சத்து இளவரசர் ‘தனிமனிதர் ஒருவரின் மகளை’ மணந்தால், அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அரியணை உரிமை கிடையாது. தனிமனிதர் என்றால் அரச குடும்பத்தில் பிறக்காத எவரும். கோடீஸ்வரராக இருந்தாலும் சரி, பிரபுவாக இருந்தாலும் சரி.

இதில் பெரிய வேடிக்கை, அந்த வம்சம் தொடங்கிய விதம். 1810-ல் ஸ்வீடன் ராஜாவுக்கு வாரிசு இல்லை. எங்கெங்கோ தேடி, கடைசியில் நெப்போலியனின் தளபதிகளில் ஒருவரான பெர்னடோட் என்பவரைப் பட்டத்து இளவரசராகத் தத்தெடுத்தார்கள். அவர் பிரான்ஸில் ஒரு வக்கீலின் மகன். அவர் மனைவி தெசிரே, மார்செய் நகரத்து வியாபாரி ஒருவரின் மகள். அதாவது பெர்னடோட் வம்சத்தின் முதல் ராணியே அசல் ‘தனிமனிதர் மகள்’தான்! புதுப் பணக்காரர்தான் ஜாதகம் அதிகமாகப் பார்ப்பார் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்தக் கதைதான்.

லென்னார்ட் காதலித்த பெண் கரின் நிஸ்வாண்ட். ஸ்டாக்ஹோமில் ஒரு வசதியான வியாபாரியின் மகள். படிப்பு, பண்பு, வசதி எதிலும் குறைவில்லை. ஆனால், அரச ரத்தம் இல்லை. தாத்தா ஐந்தாம் குஸ்தாவ் மன்னர் சம்மதிக்கவில்லை. அன்றைய கணக்கில் வாரிசு வரிசையில் லென்னார்டுக்கு ஏழாவது இடம். பெரியப்பா, அவருடைய நாலு மகன்கள், லென்னார்டின் சொந்த அப்பா, அதற்குப் பிறகுதான் இவர். அரியணை இவரைத் தேடி வர வேண்டுமானால் ஆறு பேரைத் தாண்டி வர வேண்டும். வரவே வராது என்று தெரிந்த ஒரு நாற்காலிக்காகப் பிடித்த பெண்ணை விட முடியுமா? விடவில்லை. ‘ஸ்வீடன் இளவரசர், ஸ்மோலாண்ட் டியூக்’ என்ற பட்டங்கள் போய், ஒரே நாளில் வெறும் மிஸ்டர் பெர்னடோட் ஆனார்.

இது துணிச்சலான காதல் கதை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் அவர் வாழ்க்கையைப் படிக்க ஆரம்பித்தேன். ஆனால், கதை அவருடைய அம்மாவிடம் போய் நின்றுவிட்டது.

* * *

லென்னார்டின் அம்மா மரியா பவ்லோவ்னா ரஷ்ய ஜார் குடும்பத்துப் பெண். கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸின் சித்தப்பா மகள். மரியாவுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது, தம்பி திமித்ரியைப் பெற்றெடுத்த கையோடு அவர் அம்மா இறந்துபோனார். அப்பா பாவெல், சில வருஷங்கள் கழித்து, விவாகரத்தான ஒரு பெண்ணை ஜாரின் அனுமதி இல்லாமல் 1902-ல் மணந்தார். விளைவு, நாடு கடத்தல். குழந்தைகளைக் கூட்டிப் போகவும் அனுமதி இல்லை. மரியாவையும் திமித்ரியையும் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டார்கள். 1905-ல் அந்தப் பெரியப்பாவும் வெடிகுண்டுக்குப் பலியானார்.

கவனித்தீர்களா? காதல் கல்யாணத்துக்காக அரச குடும்பத்திலிருந்து தூக்கி எறியப்பட்டவர்களில் லென்னார்ட் முதல் ஆள் இல்லை. அவருடைய தாய்வழித் தாத்தாவுக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்தது. தாத்தா விஷயத்தில் அதற்கான விலையைக் கொடுத்தது அவருடைய குழந்தைகள்.

மரியாவுக்கு 18 வயதானதும் ஸ்வீடன் மன்னரின் இரண்டாவது மகன் வில்ஹெல்முக்குக் கட்டிவைத்தார்கள். 1908-ல் கல்யாணம், 1909 மே மாதம் லென்னார்ட் பிறப்பு. மாப்பிள்ளை கடற்படை அதிகாரி. பெரும்பாலும் வீட்டில் இருக்க மாட்டார். இருந்தாலும் பேச மாட்டார். ஸ்டாக்ஹோமில் ஓக்ஹில் என்று அழகான வீடு கட்டிக் கொடுத்தார்கள். அது இன்று இத்தாலியத் தூதர் வசம் இருக்கிறது. வீடு நன்றாக இருந்தது, வாழ்க்கை நன்றாக இல்லை. 1913-ல் மரியா கிளம்பிவிட்டார். அடுத்த வருஷம் முறைப்படி பிரிவு. மகனைக் கூட்டிப் போகவில்லை. ராஜாவின் பேரன், ராஜாவின் நாட்டில்தானே வளர வேண்டும்? லென்னார்டுக்கு அப்போது நாலு வயது.

மரியாவைத் திட்டத் தோன்றுகிறதா? எனக்கும் முதலில் தோன்றியது. பிறகு அந்தப் பெண்ணின் மீதிக் கதையைப் படித்தேன். முதல் உலகப்போரில் நர்ஸாக வேலை பார்த்தார். புரட்சி வெடித்தது. இரண்டாவது கணவரோடு ரஷ்யாவிலிருந்து தப்பி ஓடும்போது, பிறந்து சில வாரமே ஆன மகன் ரோமனை மாமனார் மாமியாரிடம் விட்டுப் போக வேண்டியிருந்தது. ஒரு வயதை எட்டிய சில நாட்களில் அந்தக் குழந்தையும் இறந்துவிட்டது. அப்பா பாவெலை போல்ஷெவிக்குகள் சுட்டுக் கொன்றார்கள். பாரிஸில், விற்க நகையும் தீர்ந்த நிலையில், மெஷின் எம்பிராய்டரி கற்றுக்கொண்டு ‘கிட்மிர்’ என்று ஒரு தையல் நிறுவனம் தொடங்கினார். ஃபேஷன் உலகின் கோகோ ஷனெல் அவருடைய வாடிக்கையாளர். ஒருகாலத்தில் ஜாரின் விருந்துகளில் எம்பிராய்டரி உடை போட்டவர், ஷனெல் கடைக்கு எம்பிராய்டரி போட்டுக் கொடுத்தார். பிறகு அமெரிக்கா போய் சுயசரிதை எழுதினார். அங்கிருந்து அர்ஜென்டினா.

அம்மா உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், மகனை வளர்த்தது பாட்டி விக்டோரியா ராணி. ஜெர்மனியின் பாடன் அரச குடும்பத்தில் பிறந்தவர். எப்போதும் உடம்பு சரியில்லாதவர். குளிர் தாங்காமல் இத்தாலிக்குப் போய்விடுவார். கண்டிப்பான மனுஷி. ஆனால், பேரனுக்குத் தன் பிறந்த வீட்டுத் தீவைக் காட்டியவர் அவர்தான். மைனாவை 1853-ல் வாங்கியவர் அவருடைய அப்பா, பாடன் டியூக் முதலாம் ஃபிரெட்ரிக். உலகமெங்கும் போய் மரம் செடி கொண்டுவந்து நட்டவர். மகள் பிறந்ததற்காக அவர் நட்ட ஒரு லிண்டன் மரம் விக்டோரியா என்ற பெயரோடு இன்றும் தீவில் நிற்கிறது. அரண்மனையில் தனியாக வளர்ந்த சிறுவனுக்கு, பாட்டியோடு தங்கிய அந்தத் தீவுதான் மனதுக்குப் பிடித்த இடம்.

1930-ல் பாட்டி இறந்தார். தீவு லென்னார்டின் அப்பாவிடம் வந்தது. 1932-ல் பட்டமும் போய், அரண்மனையும் இல்லாமல், புது மனைவியோடு நின்ற மகனிடம், “இதை நீ பார்த்துக்கொள்” என்று அப்பா ஒப்படைத்தார்.

* * *

கொடுத்தபோது அது பூந்தோட்டம் இல்லை, புதர்க்காடு. கொள்ளுத் தாத்தா நட்ட மரங்கள் கவனிப்பில்லாமல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. பராமரிக்கப் பணம் வேண்டும். ராஜ குடும்பத்துப் படியெல்லாம் இனி கிடையாது. எனவே லென்னார்ட் செய்த காரியம் அன்றைய அரச குடும்பங்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சி. புதரை வெட்டினார், பூச்செடி வைத்தார், வாசலைத் திறந்து கட்டணம் வசூலித்தார். பட்டம் போகாமல் இருந்திருந்தால் அவர் டிக்கெட் விற்றிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

நடுவில் போர் வந்தது. இந்த இடத்தைப் பூப்போல எழுதிவிட்டுப் போக முடியாது. குடும்பம் ஸ்வீடனுக்குப் போய்விட்டது. தீவு நாஜி அரசின் கட்டுமான அமைப்பான ‘டோட்’ வசம் குத்தகைக்குப் போனது. போரின் கடைசி மாதங்களில், ஹிட்லரோடு கைகோத்த பிரெஞ்சு அரசியல்வாதி ஜாக் டோரியோ தன் ஆட்களோடு அங்கே தங்கியிருந்தார். 1945-ல் பிரெஞ்சு ராணுவம் வந்ததும், டாஹவ் வதைமுகாமிலிருந்து மீட்கப்பட்ட பிரெஞ்சுக் கைதிகளுக்கான மருத்துவமனையாக மைனாவ் மாறியது. எலும்பும் தோலுமாக வந்தவர்களில் சிலர் பிழைக்கவில்லை. ஏரிக்கரைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே இறந்தார்கள். அவர்களுக்கு அங்கே நினைவிடம் வந்தது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். இவ்வளவு அழகான இடம் இந்த விஷயத்தை இவ்வளவு காலம் பேசாமல் இருந்தது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

போருக்குப் பிறகு தோட்டத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார் லென்னார்ட். கூடவே இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. அதே ஏரிக்கரையில் லிண்டாவ் என்று ஓர் ஊர். அங்கே இரண்டு டாக்டர்களுக்கு ஒரு யோசனை. போரால் உலக விஞ்ஞானத்திலிருந்து ஒதுக்கப்பட்டுவிட்டது ஜெர்மனி. நோபல் பரிசு பெற்றவர்களை அழைத்து ஒரு கூட்டம் நடத்தினால் என்ன? நோபல் பரிசுக்கும் ஸ்வீடனுக்கும் உள்ள உறவு உலகத்துக்கே தெரியும். ஏரியில் கொஞ்ச தூரத்தில் ஸ்வீடன் ராஜாவின் பேரன் ஒருவர் ரோஜாச் செடி நட்டுக்கொண்டிருக்கிறார். போய்க் கேட்டார்கள். அவர் சரி என்றார். ஸ்வீடன் அவரிடமிருந்து பட்டத்தைத்தான் பிடுங்க முடிந்தது, பழக்கவழக்கத்தை இல்லையே!

1951-ல் நடந்த முதல் கூட்டத்துக்கு நோபல் பரிசு பெற்ற ஏழு பேர் வந்தார்கள். இன்றுவரை அந்தக் கூட்டம் தொடர்கிறது. பல நாடுகளிலிருந்து இளம் விஞ்ஞானிகள் வந்து நோபல் மேதைகளோடு சில நாட்கள் பேசிப் பழகுகிறார்கள். கடைசி நாளில் எல்லோரும் படகு ஏறி மைனாவ் தீவுக்குப் போவது வழக்கம்.

அதே 1951-ல் லக்ஸம்பர்க் நாட்டு மகாராணி அவருக்கு ‘விஸ்போர்க் கவுன்ட்’ என்ற பட்டத்தைக் கொடுத்தார். ஸ்வீடன் கொடுத்ததைத் திருப்பித் தரவே இல்லை.

1961-ல், சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே அரசியல்வாதிகள் வாயில் வராத காலத்தில், அறிஞர்களைத் தீவுக்கு அழைத்து ‘மைனாவ் பசுமைச் சாசனம்’ என்று ஓர் அறிக்கை வெளியிட்டார். சுத்தமான காற்று, சுத்தமான தண்ணீர், நிலத்தைக் கண்டபடி கான்கிரீட் போட்டு மூடாமல் இருப்பது, இவைதான் சாரம். ஜெர்மனியில் கிராமங்களுக்கு இடையே ‘நம் ஊரை அழகாக்குவோம்’ என்று ஒரு போட்டி தொடங்கியதும் அவர் முயற்சியில்தான்.

* * *

பட்டம் போனது லென்னார்டுக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால், அதே குடும்பத்தில் இன்னும் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். இருவரும் அவருடைய பெரியப்பா பிள்ளைகள்.

ஒருவர் சிக்வார்ட். லென்னார்டுக்கு இரண்டு வருஷம் கழித்து, 1934-ல், ஒரு ஜெர்மன் வியாபாரி மகளை மணந்து அவரும் பட்டம் இழந்தார். பிற்காலத்தில் பெரிய டிசைனர் ஆனார். வடநாட்டுச் சமையலறைகளில் இன்றும் புழங்கும் ‘மார்கிரெத்தே’ என்ற பிளாஸ்டிக் கலவைக் கிண்ணம் அவர் நிறுவனத்திலிருந்து வந்ததுதான். டென்மார்க்கின் மார்கிரெத்தே மகாராணி அவருக்குத் தங்கை மகள், அவர் பெயர்தான் அது. இவ்வளவு சாதித்தும் மனது ஆறவில்லை. “நான் இளவரசர்தான்” என்று 1983-ல் தானே அறிவித்துக்கொண்டார். ஸ்வீடன் ஏற்கவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2002-ல் இறந்தார். வழக்கு அதற்குப் பிறகுதான் தள்ளுபடியானது.

இன்னொருவர் பேர்ட்டில். 1943-ல் லண்டனில் லிலியன் என்ற பெண்ணைச் சந்தித்தார். வேல்ஸில் பிறந்த சாதாரணக் குடும்பத்துப் பெண், ஏற்கெனவே ஒருமுறை மணமானவர். இவரும் பட்டத்தை உதறிவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று பார்த்தால், 1947 ஜனவரியில் கோபன்ஹேகனில் ஒரு விமானம் விழுந்தது. அதில் அண்ணன் குஸ்தாவ் அடோல்ஃப் இறந்துபோனார். அண்ணன் மகனுக்கு வயது ஒன்பது மாதம். மற்ற இரண்டு சகோதரர்களும் காதல் கல்யாணம் செய்து வரிசையிலிருந்து வெளியேறியவர்கள். குழந்தை வளரும் முன் ஏதாவது ஆனால், ராஜ்ஜியத்தைப் பார்த்துக்கொள்ள மிச்சம் இருந்தது பேர்ட்டில் மட்டும்தான்.

காத்திருந்தார்கள். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை. அந்த ஒன்பது மாதக் குழந்தை வளர்ந்து, 1973-ல் மன்னர் கார்ல் குஸ்தாவ் ஆகி, 1976 ஜூனில் ஜெர்மன் வியாபாரி ஒருவரின் மகளான சில்வியாவை மணந்த பிறகு, சித்தப்பாவுக்கும் அனுமதி கொடுத்தார். டிசம்பரில் பேர்ட்டிலுக்கும் லிலியனுக்கும் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது 64, பெண்ணுக்கு 61. பட்டம் தப்பியது. பிள்ளை குட்டி இல்லை. 33 வருஷம் ஒரே வீட்டு வாழ்க்கையை ஊர் கண்ணில் படாமல் நடத்தியவர்கள். இவரைப் போய், “பட்டம் பத்திரமாக இருக்கிறதே” என்று யார் வாழ்த்த முடியும்?

லென்னார்ட் வாழ்க்கையும் தேன்நிலவாகவே போகவில்லை. எந்தக் கரினுக்காகப் பட்டத்தை விட்டாரோ, அந்தக் கரினோடு நாலு பிள்ளைகள் பெற்று, சுமார் 40 வருஷம் கழித்து விவாகரத்து. 1972-ல் தன் உதவியாளர் ஸோன்யாவை மணந்தார். ஸோன்யா அவரைவிட 35 வயது இளையவர். இன்னும் ஐந்து பிள்ளைகள். கடைசி மகள் பிறந்தபோது அவருக்கு வயது 72! காதல் காவியம் தேடி வருபவர்களுக்கு இந்த இடம் ஏமாற்றம்தான். எனக்கும் கரினை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தீவு பின்னாளில் தன் பிள்ளைகளுக்குள் சிதறிவிடக் கூடாது என்று 1974-ல் ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தினார். இன்று ஸோன்யாவின் பிள்ளைகள் பெட்டினாவும் பியோர்னும் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அம்மா மரியாவை விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அர்ஜென்டினாவிலிருந்து முதுமையில் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். ரஷ்யாவில் அவருக்கென்று வீடு இல்லை. பாரிஸில் தையல் நிறுவனமும் இல்லை. நாலு வயதில் விட்டுப் போன மகன், ஐம்பதை நெருங்கும் மனிதராக, ஏரியில் பூ வளர்த்துக்கொண்டிருந்தார். மைனாவ் பாலத்துக்கு எட்டும் தூரத்திலுள்ள கான்ஸ்டன்ஸ் நகரில் 1958 டிசம்பர் 13 அன்று, 68 வயதில், மரியா இறந்தார்.

மகன் அவரைத் தீவுக்குக் கொண்டுவந்தார். அம்மாவுக்கு இந்த உலகத்தில் கடைசிவரை பிரியமாக இருந்தவர் ஒருவர்தான், தம்பி திமித்ரி. ரஸ்புடின் கொலையில் பங்கெடுத்து, அதற்குத் தண்டனையாகப் பாரசீக எல்லைக்கு அனுப்பப்பட்டதாலேயே புரட்சியில் உயிர் தப்பிய அதே திமித்ரி. அவர் 1942-ல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் இறந்திருந்தார். இன்று அக்காவும் தம்பியும் மைனாவ் தேவாலயத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள்.

லென்னார்ட் 2004 டிசம்பர் 21 அன்று அதே தீவில் காலமானார். வயது 95.